கண்ணாடிப் பெட்டியில் கிளைசின்

நானூற்று முப்பது ஆராய்ச்சிக் கட்டுரைகள் என்று மைக்கில் சொன்னவன் கையிலிருந்த தாளை இன்னொரு முறை பார்த்துவிட்டு, மன்னிக்கவும், நானூற்று முப்பத்திரண்டு என்று திருத்திக்கொள்கிறான், அந்த இரண்டுக்கென்று தனியாக ஒரு கைதட்டல். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், உள்ளங்கை சிவக்கட்டும். நானும்தான் தட்டுகிறேன், என் கைகள் என்னைக் கேட்காமலே தட்டுகின்றன, முன்வரிசை ஓரத்து நாற்காலியில், மடியில் நான்காக மடித்த நன்றியுரைத் தாளோடு, இடது தோளில் குத்துகிற சேலைப் பின்னோடு. காலையில் அவசரத்தில் குத்திய பின். கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சரிசெய்தால் பின்வரிசை முழுக்கப் பார்க்கும், குத்தட்டும். மேடையில் நடுநாற்காலியில் பேராசிரியர் தெய்வசிகாமணி தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். அடக்கமாம். படிக உலகின் முடிசூடா மன்னர், வேதியியலின் விடிவெள்ளி என்று அந்தப் பையன் அடுக்க அடுக்க அந்தத் தலை இன்னும் கொஞ்சம் குனிகிறது, இப்படியே போனால் ஏற்புரைக்குள் மேசையில் முட்டிவிடும். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அதிலும் ஒரு கேவலம், மனதுக்குள் திட்டும்போதுகூட அவர் என்றுதான் வருகிறது, அவன் என்று வரமாட்டேன் என்கிறது. அவர் ஓய்வு பெறுகிறார், துறை பாராட்டு விழா எடுக்கிறது, துறையில் படிகவியல் சொல்லிக்கொடுக்கும் இணைப்பேராசிரியர் செந்தாமரை நன்றி சொல்கிறாள். அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நன்றியுரை கடைசியில் இருக்கிறது, எல்லோரும் டிபன் பாக்கெட் வந்துவிட்டதா என்று கதவைப் பார்க்கும் நேரத்தில். உனக்கென்ன, நாலு வார்த்தை நன்றி சொல்லிட்டு டிபனை வாங்கிட்டு வா என்றார் ஜெயபால் காலையில், தோசையைப் பிய்த்துக்கொண்டே. கட்டிய கணவர். அவருக்கு எல்லாம் நாலு வார்த்தை.

மேடையில் பேராசிரியர்முன் மேசையில் அந்தக் கண்ணாடிப் பெட்டி, அடியில் நீல விளக்கு வைத்து, உள்ளே படிகம். உள்ளங்கை கொள்ளாத அளவு, குறையே இல்லாத முகங்கள், தண்ணீரை நறுக்கி வைத்த மாதிரி. அழகுதான், அழகில்லை என்று நான் சொல்லவில்லை, இவ்வளவு பெரிதாக ஒரு படிகத்தை வளர்ப்பதற்குக் கையும் பொறுமையும் வேண்டும், அவருக்கு இருந்தது, அதை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் நானே முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். கிளைசின் என்று ஒரு வெள்ளைத் தூள், பாட்டிலில் வரும், நாக்கில் வைத்தால் இனிக்கும், புரதத்தில் இருப்பவற்றிலேயே எளிய அமினோ அமிலம். அதையும் ஒரு துத்தநாக உப்பையும் தண்ணீரில் கலந்து, பீக்கரின் வாயைத் தாளால் மூடி, தாளில் ஊசியால் துளை போட்டு, காற்றாடாத அறையில் வைத்துவிட்டார். தண்ணீர் மெல்ல ஆவியாகப் படிகம் வளர்ந்தது. இரண்டையும் போட்டோமே, இரண்டும் இருக்கும் என்று எழுதிவிட்டார். இந்த ஊரில், இந்தத் தொழிலில் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். பீக்கரில் போட்டதெல்லாம் படிகத்தின் பெயரில் ஏறிவிடும். சர்க்கரைப்பாகில் உப்பைப் போட்டுக் கல்கண்டு காய்ச்சியவன் நக்கிக்கூடப் பார்க்காமல் உப்புக்கல்கண்டு என்று பெயர் வைத்த கதை. கிளைசினுக்கு யாருடைய துணையும் வேண்டியிருக்கவில்லை, முதலில் தான் மட்டும் படிகமானது, துத்தநாகம் அடியில் மிஞ்சிய தண்ணீரிலேயே தங்கிவிட்டது. தாய்க்கரைசல் என்று அதற்கு அழகான பெயர். படிகத்தை இடுக்கியால் எடுத்துத் துடைத்தார்கள், தாய்க்கரைசலைச் சிங்க்கில் கொட்டினார்கள். துத்தநாகம் முழுக்கச் சாக்கடைக்குப் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. அதன் பெயரில் அறுபது கட்டுரை.

மைக் கீச்சென்று கத்துகிறது, பின்னால் யாரோ ஓடுகிறார்கள், செக், செக். உள்ளே துத்தநாகம் இல்லை என்று பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. பச்சை வெளிச்சம் வருகிறதே என்பார்கள். இப்போது அதைத்தான் திரையில் ஓட்டுகிறார்கள், அரங்க விளக்கை அணைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத லேசர் படிகத்துக்குள் போய்ப் பச்சையாக வெளியே வருகிறது, மாணவர்கள் ஓ என்கிறார்கள், பின்னணியில் நாதஸ்வரம் வேறு. அந்தப் பச்சையை இந்த வகைக் கிளைசின் தானாகவே தரும், யாரும் உதவ வேண்டாம். இருட்டில் பின்னைச் சரிசெய்கிறேன், சரியாகவில்லை, இப்போது இரண்டு இடத்தில் குத்துகிறது. எக்ஸ் கதிரில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களைத்தான் பார்க்கும், துத்தநாகத்திடம் அது மூட்டை மூட்டையாக இருக்கிறது, ஒரு துத்தநாகம் உள்ளே இருந்தால் வரைபடத்தில் கல்யாண வீட்டுக்குள் யானை வந்த மாதிரி நிற்கும், கண்ணை மூடிக்கொண்டால்கூடத் தெரியும். அவர் வைக்கவில்லை. வைக்க நேரமில்லை, அடுத்த பீக்கர் தயாராக இருந்தது, அடுத்த உப்பு, அடுத்த கட்டுரை. நான் இங்கே வேலைக்கு நேர்முகத்துக்கு வந்த அன்று எத்தனை பேப்பர்மா என்று கேட்டார். பதினொன்று சார் என்றேன். பதினொண்ணா, எங்க ஸ்காலருங்க வருஷத்துக்கு அவ்வளவு போடுவாங்களே என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அணுவையும் எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதினேன் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் கன்னத்தில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, இதோ, விளக்கு வந்ததும் மேடையிலிருந்து அவர் இந்தப் பக்கம் பார்க்கிறார், அதே சிரிப்பு தானாக வருகிறது, சீ.

இதெல்லாம் பழைய குப்பை என்று விட்டிருப்பேன், விட்டுத்தான் இருந்தேன். ரஹ்மத் நிஷா மட்டும் இல்லாவிட்டால். அதோ மேடையின் ஓரத்தில் பட்டுச் சேலையும் தலையில் முக்காடுமாக, கையில் பொன்னாடைத் தட்டோடு நிற்கிறாள். என்னிடம் பிஎச்.டி. செய்கிறவள், எந்த விழா என்றாலும் தட்டு ஏந்த ஸ்காலர் பெண்கள்தான், ஆண் ஸ்காலர்கள் நாற்காலி நகர்த்துவார்கள், அப்படி ஒரு ஏற்பாட்டை யார் எப்போது எழுதி வைத்தார்களோ. மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு. அதே கிளைசினையும் அதே துத்தநாகத்தையும் எடுத்து, மூடிய எஃகுக் கலத்தில் சூடாக்கி, எத்தனை தடவை கெட்டுப்போயும் விடாமல், போன வருடம் ஒரு படிகம் எடுத்தாள். ரவை அளவுகூட இல்லை, மங்கல், ஓரம் உடைந்தது, கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் குப்பை என்று துடைத்துவிடுவார்கள். நுண்ணோக்கியில் பார்த்து, இழை நுனியில் ஒட்டி, எக்ஸ் கதிரில் வைத்தோம். திரையில் முதல் புள்ளியே துத்தநாகம். யானை வந்துவிட்டது. சுற்றிலும் கிளைசின்கள் கையைக் கோத்துக்கொண்டு நிற்கின்றன. மேடம், ஜிங்க் மேடம், ஜிங்க் வந்துடுச்சு மேடம் என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள், பிறகு தொட்டுவிட்டோமே என்று கையை எடுத்துக்கொண்டாள். நான் அழுதேன் என்பதை அவள் பார்க்காதபடி திரையைத் துடைத்தேன். இந்த வேலையில் அந்த ஒரு நிமிடம்தான் சம்பளம், மாதக் கடைசியில் வருவது வெறும் பணம்.

அதைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரையைத்தான் ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. இது ஏற்கெனவே தெரிந்த படிகம், தெய்வசிகாமணி முன்பே அறிவித்துவிட்டார், உங்கள் அளவுகள் அவருடையவற்றோடு ஏன் பொருந்தவில்லை என்று விளக்குங்கள். ஏன் பொருந்தவில்லையாம். இல்லாத ஒன்று வாசலில் உட்கார்ந்துகொண்டு இருப்பதை உள்ளே விடமாட்டேன் என்கிறது. அவருடைய அலமாரியிலிருந்து அதே பீக்கரில் வளர்ந்த ஒரு துண்டைக் கேட்டு வாங்கினேன், வகுப்பில் காட்ட என்று சொல்லி. எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தோம். படிகம் முழுக்கத் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும் குட்டிப் பெட்டி, அலகுக்கூடு, அதன் நீளமும் அகலமும் வந்ததும் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன், மேலே பார்க்க ஒன்றுமில்லை, பாடப்புத்தகக் கிளைசின். அவரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னேன், மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏம்மா செந்தாமரை, நான் போற நேரத்துல இதெல்லாம் எதுக்கு? அந்தப் பொண்ணோடதை செகண்ட் ஃபார்ம்னு போட்டுடுங்க. என்னுடையது முதல் வடிவம், அவளுடையது இரண்டாவது வடிவம், யாருக்கும் சேதமில்லை. நான் அவ டாக்டரல் கமிட்டில இருக்கேன் இல்ல, அடுத்த மாசமே வைவா வெச்சுடலாம். பாவம், பிள்ளைக்காரி. பிறகு, நான் எழுந்தபோது, அப்புறம்மா, நன்றியுரை நீங்கதான் சொல்றீங்க, வேற யார் சொன்னாலும் நல்லாருக்காது. எப்படிப் பூசி மெழுகினார் பார். மேடையில் ஏற்றி, ஊர் முன்னால் நன்றி சொல்ல வைத்துவிட்டால் அப்புறம் என்ன வாயைத் திறப்பாள் என்ற கணக்கு. சரி சார் என்றேன். சரி சார்! கதவுக்கு வெளியே வந்தபின் என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

பொன்னாடை போர்த்துகிறார்கள். ஒருவர், இன்னொருவர், பழைய மாணவர் சங்கம், அலுவலகப் பணியாளர்கள், ஒவ்வொரு தடவையும் நிஷா தட்டோடு முன்னால் வந்து பின்னால் போகிறாள். போர்வைக்குமேல் போர்வையாக அவர் ஊதிப் பெரிதாகிறார், இந்த வெயில் காலத்தில். இரண்டாவது வடிவம். ஒரே பொருள் இரண்டு விதமாக அடுக்கிக்கொண்டால் அதற்குத்தான் வடிவம் என்று பெயர், இங்கே ஒரே பொருளே இல்லையே, ஒன்றில் துத்தநாகம் இருக்கிறது, ஒன்றில் இல்லை. அதை எப்படி நிஷா தன் கையால் எழுதுவாள், எழுதினால் காலம் முழுக்க இவள் கண்டுபிடித்தது அவருடைய பொய்யின் தம்பியாக நிற்கும். விழா தொடங்குமுன் மேடைக்குப் பின்னால், பூமாலை ஈரம் சொட்டிக்கொண்டிருந்த இடத்தில், அவளே சொன்னாள். மேடம், செகண்ட் ஃபார்ம்னே போட்டுடலாம் மேடம். எனக்கு முடியல. வீட்ல கேக்குறாங்க, எப்ப முடியும் எப்ப முடியும்னு. நீ என்ன நினைக்கிற, அதைச் சொல்லு என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. தட்டில் இருந்த சரிகையை நீவிக்கொண்டே, நம்மகிட்ட ஜிங்க் இருக்கு மேடம், அவர்கிட்ட இல்ல, அவ்வளவுதான் நான் நினைக்கிறேன் என்றாள். நான் சொன்னா என் டிகிரி போயிடும். நீங்க சொன்னா என்ன போகும் மேடம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், கேட்காததால் இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்ன போகும்? பேராசிரியர் பதவி உயர்வு. போகட்டும் என்று சொல்ல வாய் வருகிறது, உள்ளே வரவில்லை. புதுக் கருவிக்கு எழுதியிருக்கும் விண்ணப்பம், அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அவருடைய சீடப்பிள்ளைகள். நடைபாதையில் எதிரே வருகிறவர்கள் செல்போனைப் பார்ப்பார்கள். பொறாமை பிடித்தவள் என்பார்கள், ஆண்பிள்ளைக்கு இருக்கிற பெருந்தன்மை வராது என்பார்கள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்றால் பாட்டில் மேடையில்தான் இருக்கிறது, பெரியவர்களுக்கு.

சிறப்பு விருந்தினர் பேசுகிறார். ஓய்வு பெற்ற அதிகாரி, வேதியியலுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, அதைத் தானே சொல்லிச் சிரிக்கிறார். கண்ணாடிப் பெட்டியை இந்த விருந்தினருக்கே நினைவுப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். தூக்கிப் பார்க்கிறார். என்னங்க இது, பெரிய கல்கண்டு மாதிரி இருக்கு, வீட்ல பேரன் வாயில போட்டுடாமப் பாத்துக்கணும் என்கிறார். அரங்கமே சிரிக்கிறது. தெய்வசிகாமணி எல்லோரையும்விட அதிகமாகச் சிரிக்கிறார், தோளில் போர்வைகள் குலுங்க. நான் சிரிக்கவில்லை, என்ன அநியாயம், இந்த அரங்கில் இன்று சொல்லப்பட்ட ஒரே உண்மை இதுதான், வேதியியல் தெரியாத மனுஷன் வாய் தவறிச் சொன்னது, அதற்குத்தான் சிரிக்கிறார்கள். போட்டால் என்ன ஆகும், இனிக்கும். அந்தப் பேரன் ஒருத்தன்தான் பதினாறு வருடத்தில் அந்தப் படிகத்தைச் சரியாகச் சோதித்தவன் ஆவான். நன்றியுரைத் தாளைப் பிரிக்கிறேன், மடிக்கிறேன், மடிப்பில் வியர்வையில் எழுத்து கலைந்திருக்கிறது. தலைமை தாங்கிய, முன்னிலை வகித்த, வாழ்த்துரை வழங்கிய. வாசித்துவிட்டுப் போய்விடு. நாலு வார்த்தை. நிஷாவே சொல்லிவிட்டாள் அல்லவா, போட்டுடலாம் என்று, அவளுக்கு இல்லாத கோபம் உனக்கு எதற்கு, அவள் டிகிரியை வைத்து நீ வீரம் காட்டப் பார்க்கிறாயா? அது உண்மையா? இல்லை, பயத்துக்குத்தான் இப்படியெல்லாம் பேசத் தெரியும், எவ்வளவு நியாயமாகப் பேசுகிறது பார், பிள்ளைக்காரி என்று அவர் சொன்ன அதே குரலில்.

ஏற்புரை. அவர் எழுந்து மைக்கைப் பிடிக்கிறார், குரல் தழுதழுக்கிறது, அது நடிப்பில்லை என்பதுதான் எரிச்சல். அவர் நம்புகிறார். இவ்வளவு பேர் கைதட்டினால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். நான் போனாலும் என் கிரிஸ்டல் போகாது என்கிறார். என் கிரிஸ்டலோட இரண்டாவது வடிவத்தை இப்ப நம்ம துறையிலேயே ஒரு பொண்ணு கண்டுபிடிச்சிருக்கா, நான் போட்ட விதை, ரஹ்மத் நிஷா, வாம்மா, இப்படி முன்னால வா. கைதட்டல். என் முதுகு நிமிர்ந்துவிட்டது, பின் எங்கே குத்துகிறது என்றே தெரியவில்லை. தட்டோடு அவள் முன்னால் வருகிறாள். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நிற்கிறாள். அவர் மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டுகிறார், இரண்டு வார்த்தை சொல்லும்மா, உன்னோடது என்னன்னு சொல்லு. அவள் அவரைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. நேராக முன்வரிசை ஓரத்தைப் பார்க்கிறாள். சார், அது... அதை செந்தாமரை மேடம்கிட்ட கேளுங்க சார். மேடம் சொல்லுவாங்க. அவர் சிரித்துக்கொண்டே, வெக்கப்படுறா என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார். வெட்கமா? அவளிடம் ஒரு பொய்யைச் சொல் என்று மைக்கை நீட்டினார், அவள் சொல்லவில்லை, அவ்வளவு பேர் முன்னால், டிகிரியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிற மனிதர் முன்னால். அதற்கு இந்த ஊரில் வெட்கம் என்று பெயர். படிகத்துக்கே சரியாகப் பெயர் வைக்கத் தெரியாதவர்.

இப்போது நன்றியுரை என்கிறான் அந்தப் பையன், நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன, கதவருகே பாக்கெட்டுகளின் மணம். படியேறுகிறேன், சேலை காலில் தட்டுகிறது, பிடித்துக்கொள்கிறேன். மைக் என் உயரத்துக்கு இல்லை, கீழே இழுக்கிறேன். குரல் வருமா? வருகிறது. தலைமை தாங்கியவருக்கு நன்றி. சிறப்பு விருந்தினருக்கு நன்றி. விழா நாயகருக்கு, இவ்வளவு பெரிய படிகத்தை இவ்வளவு பொறுமையாக வளர்த்ததற்கு, மனமார்ந்த நன்றி. அவர் தலையசைக்கிறார். அழைப்பை ஏற்று வந்திருக்கும் பேராசிரியர்கள், மாணவர்கள், பழைய மாணவர்கள் அனைவருக்கும் நன்றி. தாளில் அடுத்து ஒலி ஒளி அமைத்தவர்கள். நான் தாளை மடித்துவிடுகிறேன்.

“அழைத்தும் வராத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். துத்தநாகம். பதினாறு வருடமாக இந்தப் படிகத்தின் பெயரில் அவர் இருக்கிறார், படிகத்துக்குள் இல்லை. உள்ளே இருப்பது கிளைசின் மட்டும். நான் எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தேன். சாரிடமும் சொன்னேன். துத்தநாகம் வந்திருப்பது ரஹ்மத் நிஷாவின் படிகத்தில். அது எதற்கும் இரண்டாவது வடிவம் இல்லை. அது என்னவென்று சார் இப்போது கேட்டார், சொல்லிவிட்டேன். இதில் யாருக்காவது கேள்வி இருந்தால் என்னிடம் கேளுங்கள், அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள்.”

தெய்வசிகாமணி வாயைத் திறந்தபடி இருக்கிறார், போர்வைகளுக்கு மேலே முகம் மட்டும் தெரிகிறது, சின்னதாக. அப்ப இது நிஜமாவே கல்கண்டுதானா என்கிறார் சிறப்பு விருந்தினர் பக்கத்திலிருப்பவரிடம், மெதுவாகத்தான் கேட்டார், மேசை மைக் அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டது. ஓரத்தில் நிஷா தட்டைத் தரையில் வைக்கிறாள். நிமிர்ந்து நிற்கிறாள், கைகளில் ஒன்றுமில்லை. யாரோ அந்தப் பையனைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார்கள், நிறுத்து, நிறுத்தச் சொல்லு என்று. தாளில் இன்னும் ஒரு வரி பாக்கியிருக்கிறது. மைக்செட்காரர்கள் தூணோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் மைக்கை அணைக்கவில்லை. அவர்களுக்கும் நன்றி சொல்கிறேன்.